இணையக் கம்பெனிகளின் ஏற்றமும் இறக்கமும்



வடசென்னையில் வாழ்வோருள் இராயபுரம் இரயில் நிலையத்தைக் கண்டிராதவர் மிகச் சிலரே இருப்பர். உயர்ந்த தூண்களோடு துறைமுகத்தின் அருகே நிற்கும் அப்பழங்கட்டடம் 1856-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் ஆளுநர் ஹாரிஸ் பிரபுவால் திறந்துவைக்கப்பட்டது. ஜூலை முதல் நாள் அங்கிருந்து வாலாஜா வரை பொதுமக்களுக்கான வண்டி ஓடத் தொடங்கிற்று. தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் பாதை அதுவே. இந்தியாவில் இன்று எஞ்சி நிற்கும் நிலையக் கட்டடங்களுள் அதுவே மிகப் பழமையானது என்பர்.

அப்பாதையை அமைத்து வண்டியை ஓட்டியது மதராஸ் இரயில்வே கம்பெனி. இலண்டனில் பங்குகளை விற்று மூலதனம் திரட்டிய பெருங்கம்பெனி அது. 1907-இல் தலைமை நிலையம் என்னும் தகுதி இராயபுரத்தை விட்டுச் சென்ட்ரலுக்குச் சென்றது. 1908-இல் அக்கம்பெனி மற்றொன்றோடு இணைந்து தன் பெயரையும் இழந்தது. இன்று அதன் பங்குப் பத்திரத்தைக் கண்டோர் எவரும் நம்மிடையே இலர். ஆயினும் அது வகுத்த வழியில் இன்றும் இரயில் ஓடுகின்றது. கம்பெனி மறைந்தது, பாதை நின்றது.

இணையக் கம்பெனிகளின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பற்றிப் பேச வந்தவன் இரயில் நிலையத்தில் தொடங்குவானேன் என்று நீங்கள் வினவக்கூடும். எந்த ஒரு பெரிய தொழில் வீழும்போதும் அதில் எது அழிகின்றது, எது எஞ்சுகின்றது என்னும் கேள்வியைக் கேட்கப் பழகவேண்டும் என்பதே காரணம். நாளை உங்களுள் பலர் இத்தகைய கம்பெனிகளில் வேலைக்குச் செல்வீர்கள். இன்றே உங்கள் கடிதங்களையும் படங்களையும் அவற்றின் வசம் ஒப்படைத்திருக்கின்றீர்கள். ஆகவே இக்கேள்வி உங்களுக்கு நேராக உரியது.

முதலில் இணையம் என்பது யாது எனப் பார்ப்போம். சென்னைத் துறைமுகத்திற்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அப்பெட்டிகளின் நீளம் பெரும்பாலும் 20 அடி, அல்லது 40 அடி; அகலம் 8 அடி. உள்ளே தோலோ, துணியோ, இயந்திர உறுப்போ இருக்கலாம். எப்பொருளாயினும் பெட்டியின் அளவு ஒன்றே. ஆகையால் எந்தக் கப்பலும், எந்தப் பாரந்தூக்கியும், எந்த லாரியும் அதை ஏற்றுக்கொள்ளும். இணையமும் இவ்வாறே இயங்குகின்றது. நீங்கள் அனுப்பும் படமும் பாட்டும் கடிதமும் சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பொதியும் பொதுவாக 1500 பைட்டுகளுக்கு மேற்படுவதில்லை. ஒவ்வொன்றின்மீதும் அனுப்புவோர் முகவரியும் பெறுவோர் முகவரியும் பொறிக்கப்படுகின்றன. அவை வெவ்வேறு வழியாகச் சென்றாலும், சேருமிடத்தில் வரிசைப்படுத்தப்பட்டு மீண்டும் படமாகவும் பாட்டாகவும் ஆகின்றன.

பொதியை எவ்வாறு கட்டவேண்டும், முகவரியை எவ்வாறு எழுதவேண்டும் என்னும் விதிகளை வின்ட் செர்ஃப், பாப் கான் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1974-இல் வெளியிட்டனர். அவ்விதிகள் எவருக்கும் தனியுடைமை அல்ல. அவற்றின்மேல் எழுந்த வலைப்பக்க முறையை டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் வகுத்தார். அவர் பணியாற்றிய ஐரோப்பிய அணு ஆய்வுக் கழகம் 1993 ஏப்ரல் 30 அன்று அதை உலகினர் அனைவருக்கும் பொதுவாக்கியது. ஆகவே இணையம் ஒரு கம்பெனி அன்று. அது ஒரு பொதுப்பாதை. நாம் இணையக் கம்பெனிகள் என்று சொல்பவை அப்பாதையோரத்தில் கடை விரித்தவை.

இங்கு மற்றொரு செய்தியும் நினைவிற்குரியது. கன்டெய்னர் முறையை வாணிகத்தில் வெற்றிபெறச் செய்தவர் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கர். 1956 ஏப்ரலில் அவருடைய கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1986-இல், அதே மெக்லீன் நடத்திய கப்பல் கம்பெனி கடனடைக்க இயலாது நொடித்தது. ஆயினும் அவர் புகுத்திய பெட்டி உலகை ஆள்கின்றது. 1983-இல் சென்னைத் துறைமுகத்திலும் கன்டெய்னர் முனையம் அமைந்தது. முறையைத் தந்தவருக்கே கம்பெனி நிலைக்கவில்லை, முறை நிலைத்தது.

தந்தியின் வரலாறும் இதையே கூறும். 1871-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி இணைப்பு ஏற்பட்டது. அதை இட்ட ஆங்கிலக் கம்பெனி 1873-இலேயே வேறொரு பெருங்கம்பெனிக்குள் கரைந்துவிட்டது. இந்தியாவில் தந்தியே 2013 ஜூலையில் விடைபெற்றது. ஆனால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் செய்தி செல்லும் வழி மட்டும் மறையவில்லை. 2002-இல் ஒன்றும் 2004-இல் மற்றொன்றுமாக ஒளியிழைக் கம்பிகள் சென்னைக் கரையில் ஏறின. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுடையது.

நிற்க. இனி இணையக் கம்பெனிகளின் மூன்று காலங்களைக் காண்போம்.

முதற்காலம் 1995-இல் நம் நாட்டில் தொடங்குகின்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் என்னும் அரசாங்க நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பை வழங்கத் தொடங்கிற்று. அதே மாதத்தில் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் என்னும் கம்பெனியின் பங்குகள் சந்தைக்கு வந்தன; அதுவரை இலாபம் ஈட்டியிராத அக்கம்பெனியின் பங்குகளை மக்கள் முண்டியடித்துக்கொண்டு வாங்கினர். 1998-இன் இறுதியில் நம் நாட்டில் தனியாரும் இணையத் தொடர்பு வழங்க அனுமதி பெற்றனர். அவ்வாறு முதலில் முன்வந்தது சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே. பின்னர் அது சிஃபி என்று பெயர் பூண்டது. அந்நிறுவனம் 1999 அக்டோபரில் அமெரிக்க நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்றது. இந்திய இணையக் கம்பெனிகளுள் அப்பேறு பெற்றது அதுவே முதல். அடுத்த மாதமே, ராஜேஷ் ஜெயின் என்பவர் நிறுவிய இந்தியாவேர்ல்டு என்னும் வலைத்தளக் குழுமத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்க அது உடன்பட்டது. அவ்வலைத்தளங்களின் ஆண்டு வருமானம் அவ்விலையில் மிகச் சிறிய பகுதியே. நாடே வியந்தது.

இத்தகைய விலை எவ்வாறு பிறந்தது? ஒரு பங்கின் விலை, கம்பெனி இன்று ஈட்டும் பணத்தை மட்டும் பொறுத்தது அன்று. நாளை ஈட்டும் என்னும் நம்பிக்கையையும் பொறுத்தது. நம்பிக்கைக்கு அளவுகோல் இல்லை. பங்கு விலை ஏறுவதைக் கண்டவர் மேலும் வாங்கினர். வாங்கியதால் விலை மேலும் ஏறிற்று. திரட்டிய பணத்தைக் கம்பெனிகள் ஒன்றன் தளத்தில் மற்றொன்று விளம்பரம் செய்யச் செலவிட்டன. ஒருவர் செலவு மற்றவர் வருமானமாகக் கணக்கில் ஏறியது. ஒரே குளத்து நீரை இருவர் மாறிமாறி இறைத்து, குளம் பெருகுகின்றது என்று மகிழ்ந்தது போன்றதே அது. புது நீர் வராதபோது உண்மை தெரிந்தது. நாஸ்டாக் குறியீட்டெண் 2000 மார்ச்சு 10 அன்று 5,048 என்னும் உச்சத்தை எட்டியது. 2002 அக்டோபரில் ஏறத்தாழ 1,114-க்கு வீழ்ந்தது. நூறு ரூபாய் இட்டவருக்கு இருபத்திரண்டு ரூபாய் எஞ்சிற்று என்க.

இவ்வீழ்ச்சியில் பல கம்பெனிகள் அடியோடு மறைந்தன. சிஃபியோ மறையவில்லை. மக்களுக்கான வலைத்தளங்களும் இணைய மையங்களும் காலப்போக்கில் மங்கினும், கம்பெனிகளுக்கு வலையமைப்பும் தரவு மையமும் நடத்தித் தரும் தொழிலுக்கு அது திரும்பிற்று. அதன் தாய்க் கம்பெனியான சத்யம் கம்ப்யூட்டர்ஸ் 2005-இல் தன் பங்கை விற்று விலகியது. 2009 ஜனவரியில் அத்தாய்க் கம்பெனியின் கணக்குகள் பொய்யெனத் தெரிந்து, அது வீழ்ந்தது. தாய் வீழ்ந்தும் சேய் பிழைத்தது.

அதே காலத்தில் சென்னையில் மற்றொரு கம்பெனியும் இருந்தது. 1996-இல் ஸ்ரீதர் வேம்பு முதலானோர் தொடங்கிய அட்வென்ட்நெட் என்பது அதன் பெயர். அது பங்குச் சந்தைக்குச் செல்லவில்லை. தொலைத்தொடர்புக் கருவிகளைச் செய்யும் கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்றுப் பிழைத்தது. 2001-இன் வீழ்ச்சியில் அவ்வாடிக்கையாளர் பலர் நொடித்தபோது அதற்கும் இடுக்கண் நேர்ந்தது. ஆயினும் கையிலிருந்த தொழிலறிவைக் கொண்டு வேறு மென்பொருள்கள் செய்யத் தொடங்கிற்று. 2009-இல் ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது; இன்றும் நிலைத்திருக்கின்றது. பொருளுக்கு விலை கொடுப்பவர் உள்ளவரை கம்பெனி புயலில் மூழ்குவதில்லை என்பதற்கு இது சான்று.

இரண்டாங்காலம் மக்கள் ஒருவரோடொருவர் உறவாடும் தளங்களின் காலம். இத்தளங்களின் வலிமையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். பத்துப் பேர் உள்ள கூட்டத்தில் இருவர் இருவராக அமையக்கூடிய தொடர்புகள் 45. நூறு பேர் உள்ள கூட்டத்தில் அவை 4,950. ஆட்கள் பத்து மடங்கு பெருகினால் தொடர்புகள் நூறு மடங்கிற்கு மேல் பெருகுகின்றன. ஆகவே பெரிய கூட்டம் மேலும் பெரிதாகின்றது. சிறிய கூட்டம் தேய்கின்றது. நண்பர் எங்குள்ளனரோ அங்கேயே நாமும் செல்வோம் அன்றோ?

ஆனால் உயர்த்திய ஏணியே கீழே தள்ளவும் வல்லது. சில நண்பர் விலகினால் மற்றவருக்கும் அங்கிருக்கக் காரணம் குறைகின்றது. மைஸ்பேஸ் என்னும் தளத்தின் உரிமைக் கம்பெனியை 2005-இல் 58 கோடி டாலருக்கு வாங்கினர். ஆறே ஆண்டுகளில் அத்தளத்தை ஏறத்தாழ மூன்றரைக் கோடி டாலருக்கு விற்றனர். 2004-இல் பிறந்த ஆர்க்குட் இந்தியாவிலும் பிரேசிலிலும் பெரும்புகழ் பெற்றது. உங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் கல்லூரிக் காலத்தில் அதிலேதான் அளவளாவினர். 2014 செப்டம்பர் 30 அன்று அது மூடப்பட்டது. அதற்கு முன்பே, சாதாரண மக்கள் தம் சொந்தப் பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் என்னும் தளம் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. தன்னார்வலர் சிலர் இயன்றவரை படியெடுத்துக் காத்திராவிடின், இலட்சக்கணக்கானோர் எழுதியவை அன்றே அழிந்திருக்கும். கம்பெனி வீழும்போது பங்குதாரர் பணத்தை இழக்கின்றனர். பயன்படுத்துவோர் நினைவுகளை இழக்கின்றனர். இவ்விழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மூன்றாங்காலம் கைப்பேசியின் காலம். இதன் படிப்பினையைச் சென்னை மக்கள் நேரில் கற்றனர். 1999-இல் தமிழ்நாட்டில் சேவையைத் தொடங்கிய ஏர்செல் கம்பெனி நம் மாநிலத்தில் மிகப் பரவலாக வேரூன்றியிருந்தது. சில ஆண்டுகள் சென்னைக் கிரிக்கெட் அணியினர் சட்டையிலும் அதன் பெயர் பொறித்திருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ என்னும் புதிய கம்பெனி தொடக்கத்தில் இலவசமாகவே சேவையை வழங்கிச் சந்தையில் புகுந்தது. கட்டணங்கள் சரிந்தன. முன்பே கடன்சுமையில் இருந்த கம்பெனிகளால் தாக்குப்பிடிக்க இயலவில்லை. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் கோபுரங்கள் பல செயலிழந்தன; கைப்பேசிகள் ஊமையாயின. கடை வாயிலில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். வங்கிக் கணக்கும், சமையல் வாயுப் பதிவும், உறவினர் அழைப்பும் அந்தப் பத்து இலக்க எண்ணோடு கட்டுண்டிருந்தன. அடுத்த சில நாட்களில் கம்பெனி நொடிப்பு மன்றத்தை நாடிற்று.

ஆயினும் அம்மக்களுள் பெரும்பாலோர் தம் எண்ணை இழக்கவில்லை. காரணம் யாது? எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம் என்னும் விதி 2011 ஜனவரியிலேயே நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்திருந்தது. எண் கம்பெனிக்கு உரியதன்று, அதைப் பயன்படுத்துவோருக்கு உரியது என்பதே அவ்விதியின் உட்கருத்து. இத்தகைய விதி ஆர்க்குட்டுக்கோ ஜியோசிட்டீஸுக்கோ இருந்ததில்லை. ஆகவே இழப்பின் அளவைத் தீர்மானிப்பது கம்பெனியின் வீழ்ச்சி மட்டும் அன்று. வீழ்ச்சிக்கு முன் நாம் செய்துவைத்த ஏற்பாடும் ஆகும்.

இவ்வுண்மையை வடசென்னை, இணையம் பிறக்குமுன்பே அறிந்திருந்தது. 1955-இல் ஆங்கில நாட்டு என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளை நம் நாட்டில் செய்வதற்கென ஒரு கம்பெனி எழுந்தது. திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை அமைந்தது. 1970-ஐ ஒட்டி ஆங்கிலத் தாய்க் கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூரில் புல்லட் வண்டி தொடர்ந்து உருவாயிற்று. வரைபடத்தோடு கைத்திறனும் இங்குள்ள தொழிலாளரிடம் வந்து சேர்ந்துவிட்டமையே காரணம். தாய் வீழ்ந்தும் சேய் பிழைத்த முதற்கதை இதுவே.

பெரம்பூரிலிருந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் கதை வேறு. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்ட அவ்வாலைகள் 1996-இல் மூடப்பட்டன. நெசவுத்திறன் மிக்க தொழிலாளர் அத்திறனை எடுத்துச் செல்ல வேறிடமின்றித் திகைத்தனர். ஆயினும் அவ்வாலைத் தொழிலாளருக்காக 1918 ஏப்ரலில் பி. பி. வாடியா, திரு. வி. க. முதலானோர் முன்னின்று அமைத்த சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியத் தொழிற்சங்க இயக்கத்திற்கே வித்தாயிற்று. ஆலை மறைந்தது, தொழிலாளர் ஒன்றுகூடும் உரிமை நின்றது.

எஞ்சுவன யாவும் நல்லன என்று எண்ணிவிடாதீர். எண்ணூர் அனல் மின்நிலையம் 1970-இல் தொடங்கி 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதன் புகைபோக்கி ஓய்ந்தது. ஆனால் அப்பகுதி அனல் நிலையங்களின் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து, நீரின் ஆழத்தைக் குறைத்து, இறாலும் மீனும் பிடித்து வாழ்வோரின் தொழிலை நலித்தது. மின்சாரம் நகரெங்கும் சென்றது. சாம்பல் கரையோரத்தாருக்கு எஞ்சிற்று. இணையக் கம்பெனிகளிடமும் இத்தகைய சாம்பல் உண்டு. நம்மைப் பற்றி அவை திரட்டிய விவரங்களே அது. கம்பெனி கைமாறும்போது அவ்விவரங்களும் கைமாறுகின்றன. யாரிடம் போயின என்பதைப் பெரும்பாலும் நாம் அறிவதில்லை.

இதுவரை கூறியவற்றால் தெளிவது யாது? கம்பெனி நொடித்தபின் நான்கு எஞ்சக்கூடும்: பாதை, கைத்திறன், விதி, கழிவு. ஆகவே ஒரு கம்பெனியின் புகழைக் கேட்டு மயங்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதன் பொருளுக்கு விலை கொடுப்பவர் யார்? இங்கு நான் கற்கும் திறன் வேறிடத்திலும் பயன்படுமா? நான் இதனிடம் ஒப்படைப்பதை வேண்டும்போது எடுத்துச் செல்ல இயலுமா? இது சென்றபின் எஞ்சும் கேட்டை யார் சுமப்பார்?

இவற்றிற்கு நல்ல விடை கிடைக்கும் கம்பெனி என்றும் அழியாது என்று நான் கூறவில்லை. 2000 ஜனவரியில் 12,500 கோடி டாலர் மதிப்புடையதாயிருந்த யாஹூ, 2017-இல் தன் இணையத் தொழிலை ஏறத்தாழ 448 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. இன்று நாம் அசைக்க முடியாதவை என்று கருதும் கம்பெனிகளும் ஒருநாள் தளரலாம். நான் கூற விழைவது, அவை தளரும்போது நீங்களும் உடன் தளரவேண்டுவதில்லை என்பதே. ஒரு கம்பெனியின் கருவியை மட்டும் கற்றவன் அக்கருவியோடு பழையவனாகின்றான். பொதி எவ்வாறு செல்கின்றது, கணக்கு எவ்வாறு அமைகின்றது என்னும் அடிப்படையைக் கற்றவன் எக்காலத்திலும் புதியவனாக இருக்கின்றான்.

அடுத்த முறை இராயபுரம் நிலையத்தின் வழியே செல்லும்போது சற்று நின்று பாருங்கள். மேடைக்கு வந்து நிற்கும் வண்டி மதராஸ் இரயில்வே கம்பெனியின் வண்டி அன்று. ஏறி இறங்குவோர் அக்கம்பெனியின் பெயரையும் அறியார். எனினும் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே பயணம் நின்றதில்லை. நீங்கள் அமைக்கப்போவனவும் அவ்வாறு உங்களுக்குப் பின்னும் பிறருக்குப் பயன்படுவனவாக அமைக.